குடி ஒருவழி, மரபு இருவழி: பரம்பரையலகுகள் பற்றிய ஓர் எளிய விளக்கம்

மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் ஒருவரிடம் என்ன குடி, அதாவது எந்தக் குலப்பிரிவு, என்று கேட்டால் அவர் தன் தாயின் குடியையே சொல்வார். உலகிப்போடி குடியோ, காலிங்கா குடியோ, படையாண்ட குடியோ, தாய்க்கு எதுவோ அதுவே பிள்ளைக்கும். தகப்பனின் குடி பிள்ளைக்கு வருவதில்லை. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பொறுப்புக்கூட இதே வழியில் தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குப் போவதே பழைய மரபு. தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் நிலவும் இந்தத் தாய்வழி ஒழுங்கில் ஒரே குடிக்குள் கலியாணம் செய்வது விலக்கப்பட்டிருக்கிறது. ஆகவே மாமன் மகளையோ மாமி மகளையோ பேசும்போது, "வேறு குடிதானே, இரத்தம் வேறுதானே" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. குடி வேறு என்பது உண்மை. இரத்தம் வேறு என்பது உண்மையல்ல. பரம்பரையலகுகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எப்படி வருகின்றன என்று தெரிந்தால் இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி தானாகவே புலப்படும்.

நம் உடலின் கலங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு கரு இருக்கிறது. அந்தக் கருவுக்குள் 46 நிறமூர்த்தங்கள் 23 சோடிகளாக அமைந்துள்ளன. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றது தகப்பனிடமிருந்தும் வந்தது. நிறமூர்த்தம் என்பது மிக நீண்ட ஒரு டி.என்.ஏ. மூலக்கூறு, புரதங்களோடு சேர்ந்து சுருண்டு கிடக்கும் வடிவம். டி.என்.ஏ.யில் அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கு மூலங்கள் மட்டுமே திரும்பத் திரும்ப வருகின்றன. அவை எந்த ஒழுங்கில் வருகின்றன என்பதிலேதான் செய்தி அடங்கியுள்ளது. தாயிடமிருந்து வரும் ஒரு தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி மூலங்கள் உள்ளன, தகப்பனிடமிருந்து வருவதிலும் ஏறத்தாழ அதேயளவு. இந்த நீளத்தில் ஆங்காங்கே, ஒரு குறிப்பிட்ட புரதத்தை எப்படி அமைப்பது என்பதைத் தீர்மானிக்கும் பகுதிகளையே பரம்பரையலகுகள் என்கிறோம். மனிதரிடம் புரதத்துக்கான பரம்பரையலகுகள் ஏறக்குறைய 20,000 உள்ளன. குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினும், சமிபாட்டுக்கு உதவும் நொதியங்களும், கண்ணில் நிறத்தை உணரும் நிறப்பொருள்களும் எல்லாம் புரதங்களே என்பதால், பரம்பரையலகில் ஏற்படும் ஒரு சிறு மாற்றம் உடலின் எந்த மூலையிலும் வெளிப்படலாம்.

சூல் முட்டையும் விந்தும் உருவாகும்போது 46 நிறமூர்த்தங்களும் அப்படியே போவதில்லை. ஒடுக்கற்பிரிவு என்னும் கலப்பிரிவில் ஒவ்வொரு சோடியிலிருந்தும் ஒன்று மட்டுமே தெரிவாகி, 23 நிறமூர்த்தங்கள் போகின்றன. அதிலும் ஒரு கலப்பு நடக்கிறது. பிரிவதற்கு முன் சோடியாக நிற்கும் இரு நிறமூர்த்தங்களும் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. ஆகவே உங்கள் தாய் உங்களுக்குத் தந்த ஒரு நிறமூர்த்தத்தில் அம்மம்மாவின் துண்டும் அம்மப்பாவின் துண்டும் அடுத்தடுத்து இருக்கும். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் ஒருவர்போல் ஒருவர் இல்லாதிருப்பதற்கு இதுவே காரணம். பெற்றோருடன் நாம் பகிர்வது சரிபாதி. உடன்பிறந்தவர்களுடன் பகிர்வதோ சராசரியாகத்தான் பாதி, சில சோடிகளில் அதைவிடச் சற்றுக் குறையும், சில சோடிகளில் கூடும்.

ஒரு பரம்பரையலகின் இரு பிரதிகளும் எப்போதும் ஒரே மாதிரி இருக்கவேண்டியதில்லை. மாறுபட்ட வடிவங்களை எதிருருக்கள் என்பர். தன்னுடைய ஒரே பிரதியைக் கொண்டு இயல்பை வெளிக்காட்டும் எதிருரு ஆட்சியானது. இரு பிரதிகளும் சேர்ந்தால் மட்டுமே வெளிப்படுவது பின்னிடைவானது. கிரெகர் மெண்டல் என்ற துறவி பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கில் கலந்து வளர்த்து, எண்ணி எண்ணிப் பார்த்து, 1866இல் இந்த விதிகளை வெளியிட்டார். அவர் உயிரோடிருந்தவரை எவரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1900இல்தான் மற்றவர்கள் அதை மீண்டும் கண்டெடுத்தனர்.

நமக்குப் பழக்கமான எடுத்துக்காட்டு குருதி வகை. அதைத் தீர்மானிக்கும் பரம்பரையலகு ஒன்பதாவது நிறமூர்த்தத்தில் உள்ளது. ஏ, பீ இரண்டும் ஆட்சியானவை, ஓ பின்னிடைவானது. தகப்பன் ஏ வகை, தாய் பீ வகை என்றால் பிள்ளை ஓ வகையாக இருக்க முடியுமா? தாராளமாக முடியும். இருவரும் தம்முள் மறைவாக ஓ எதிருருவை ஒவ்வொன்று வைத்திருந்தால், பிள்ளைக்கு அவ்விரண்டும் சேர்ந்துவிடலாம். பிள்ளையின் குருதி வகை பெற்றோருடையதுபோல் இல்லை என்பதை வைத்துத் தாயைச் சந்தேகிக்கும் வீடுகள் இருக்கின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

இனி குடிக்கு வருவோம். தாய்வழி மட்டுமே செல்லும் ஒரு மரபுப்பொருள் உண்மையிலேயே உயிரியலில் உண்டு. கலத்துக்குள் சக்தியை உண்டாக்கும் இழையமணிகளுக்குக் கருவுக்கு வெளியே தமக்கென ஒரு சிறிய டி.என்.ஏ. வளையம் இருக்கிறது. அதில் 16,569 மூலச்சோடிகளும் 37 பரம்பரையலகுகளும் உள்ளன. கருக்கட்டும்போது விந்தின் இழையமணிகள் நிலைப்பதில்லை, சூலிலிருந்தவையே பிள்ளைக்கு வருகின்றன. ஆகவே அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் வந்து, ஆண்பிள்ளையோடு நின்றுவிட்டு, பெண்பிள்ளை வழியே தொடர்கிறது. குடி போகும் பாதை இதுவேதான். வயிற்றுவார் என்று நம்மவர் சொல்லும் அந்தத் தாய்த்தொடர் ஒரே பெண்ணிலிருந்து உண்மையாகவே இறங்கியிருந்தால், அதைச் சேர்ந்த அனைவரிடமும் ஏறத்தாழ ஒரே இழையமணி டி.என்.ஏ.யே இருக்கும்.

ஆனால் அதன் அளவைப் பாருங்கள். ஏறக்குறைய 20,000 பரம்பரையலகுகளுக்கு எதிரே 37. இன்னொரு வகையில் கணக்கிட்டால், பத்துத் தலைமுறைக்கு முன்னே ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உள்ளன. சொந்தத்துக்குள் கலியாணம் நடந்த குடும்பங்களில் ஒரே ஆள் பல இடங்களை நிரப்பியிருப்பார் என்பதால் ஆட்களின் எண்ணிக்கை அதைவிடக் குறைவு. குடி அவர்களில் ஒரேயொரு பெண்ணைத்தான் சுட்டுகிறது. எஞ்சிய 1,023 இடங்களிலிருந்தும் நமக்குப் பரம்பரையலகுகள் வந்திருக்கக்கூடும், அவற்றைப் பற்றிக் குடியின் பெயர் எதுவும் சொல்வதில்லை. தகப்பனிடமிருந்து ஆண்பிள்ளைக்கு மட்டும் செல்லும் வை நிறமூர்த்தத்தின் நிலையும் இதுவே, பக்கம்தான் வேறு.

மச்சான்–மச்சாள் கலியாணத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். பெரியம்மா, சின்னம்மா மக்கள் நமக்கு அண்ணன், அக்கா, தம்பி, தங்கை. அவர்கள் நம் குடியினர். பெரியப்பா, சித்தப்பா மக்களும் உறவுமுறையால் சகோதரரே. மாமன் மக்களும் மாமி மக்களும் மட்டுமே முறை. சமூக ஒழுங்காக இதற்கு அதன் பொருள் உண்டு. பரம்பரையலகுக்கோ இந்த நால்வரிடையே வேறுபாடே தெரியாது. நால்வருமே நம்முடன் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பகிர்கின்றனர், ஏனெனில் நால்வருக்கும் நமக்கும் பொதுவாக இருப்பது ஒரே ஒரு சோடிப் பாட்டனும் பாட்டியும். தங்கை என்று விலக்கப்பட்டவளும் மச்சாள் என்று பேசப்பட்டவளும் அந்த எட்டில் ஒன்றில் சமம்.

எட்டில் ஒரு பங்கு பகிர்வதால் என்ன கெடுதி என்று கேட்கலாம். நம் ஒவ்வொருவரிடமும் பழுதான பின்னிடைவுப் பரம்பரையலகுகள் சில இருக்கின்றன, மறுபிரதி நன்றாக இருப்பதால் அவை வெளியே தெரிவதில்லை. அந்நியர் இருவர் மணந்தால் இருவரிடமும் அதே பழுது இருப்பது அரிது. ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள் மணந்தால் அந்தப் பாட்டியின் பழுதே இருபக்கமாக இறங்கி வந்து பிள்ளையிடம் சந்திக்கலாம். இதைத் தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோயை வைத்துப் பார்ப்பது பொருத்தம். இலங்கைக்கு இது நெருக்கமான நோய், தடுக்கக்கூடியதும் கூட.

வளர்ந்தவரின் ஈமோகுளோபினில் அல்பாச் சங்கிலி இரண்டும் பீற்றாச் சங்கிலி இரண்டும் உண்டு. பீற்றாவுக்கான பரம்பரையலகு பதினோராவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது, ஆகவே ஒவ்வொருவரிடமும் இரு பிரதிகள். ஒரு பிரதி மட்டும் பழுதானவர் காவி. அவருக்கு நோய் இல்லை, அவர் வயலும் செய்வார், பந்தும் விளையாடுவார். இரு பிரதிகளும் கடுமையாகப் பழுதான குழந்தைக்கே பெருந்தலசீமியா. அந்தக் குழந்தை பிறக்கும்போது குறையேதும் தெரியாது, ஏனெனில் முதல் மாதங்களில் உடல் முதிர்மூலவுருவின், அதாவது வயிற்றுச் சிசுவாக இருந்தபோதைய, ஈமோகுளோபினைக் கொண்டு சமாளிக்கிறது. ஆறு மாதம் கடந்து அது குறையத் தொடங்கும்போதுதான் குழந்தை வெளிறும், பால் குடிக்கக் களைக்கும், மண்ணீரல் வீங்கி வயிறு பெருக்கும். அதன்பின் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்றியே ஆகவேண்டும், வாழ்நாள் முழுவதும். ஏற்றப்படும் ஒவ்வொரு பையிலும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. மனித உடலுக்கு மிகையான இரும்பை வெளியேற்றும் வழி கிடையாது. அது இதயத்திலும் ஈரலிலும் சதையியிலும் படிகிறது. அதை அகற்ற டெஸ்ஃபெரால் மருந்தை ஒரு சிறு பம்பின் மூலம் தோலுக்கடியில் இரவில் எட்டு முதல் பன்னிரண்டு மணிநேரம் செலுத்துவர், வாரத்தில் ஐந்து இரவுகளுக்குக் குறையாமல். இப்போது வாயால் எடுக்கும் டெஃபெரசிரொக்ஸ் மாத்திரைகளும் உள்ளன. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஊசியோடு உறங்கும் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த நோயின் பாரத்தை விளக்கவேண்டியதில்லை.

இலங்கையில் பீற்றாத் தலசீமியாக் காவிகள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் இருப்பதாகக் கொள்ளலாம். இதனுடன் ஈமோகுளோபின் ஈ என்ற இன்னொரு மாற்றமும் இங்கு உண்டு. அதில் பீற்றாச் சங்கிலியின் 26ஆவது இடத்தில் ஒரேயோர் அமினோவமிலம் மாறியிருக்கும். ஒரு பக்கத்திலிருந்து இதுவும் மறுபக்கத்திலிருந்து பீற்றாத் தலசீமியாவும் சேர்ந்தால் வரும் நோய் சிலரிடம் மிதமாகவும் சிலரிடம் கடுமையாகவும் இருக்கும்.

பழுதான பரம்பரையலகு ஏன் இவ்வளவு பேரிடம் நிலைத்தது? காரணம் மலேரியா. காவிகளுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கிறது என்ற கருத்தை ஜே. பீ. எஸ். ஹால்டேன் 1949இல் முன்வைத்தார், பின்வந்த ஆய்வுகள் அதற்கு வலுச்சேர்த்தன. காய்ச்சலில் மற்றக் குழந்தைகள் சாகக் காவிகள் கூடுதலாகப் பிழைத்து, அந்தப் பரம்பரையலகைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். உலர் வலயத்தின் குளங்களையும் காடுகளையும் ஒட்டி வாழ்ந்த நம் முன்னோருக்கு அது கேடயம். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கேடயத்தின் தேவை போய்விட்டது, அதன் விலையை மட்டும் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது எண்களுக்கு வருவோம். இரு காவிகள் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு, காவியாக இருக்க நான்கில் இரண்டு, முற்றிலும் இல்லாதிருக்க நான்கில் ஒன்று. "மூத்ததற்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது" என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே நான்கில் ஒன்று புதிதாகத் தொடங்குகிறது. அடுத்து, ஒரு பாட்டி காவி என்று வைத்துக்கொள்வோம். அவரது மகளின் மகனும் மகனின் மகளும் மணக்கிறார்கள். பாட்டியிடமிருந்து பழுது மகளுக்குப் போக இரண்டில் ஒன்று, அவரிடமிருந்து அவர் மகனுக்குப் போக இரண்டில் ஒன்று. மறுபக்கத்திலும் அப்படியே. நான்கு பாதிகளைப் பெருக்கினால் இருவரும் காவியாக இருக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. அவர்களின் பிள்ளைக்கு நோய் வர 64இல் ஒன்று. அதே பேரன் உறவல்லாத ஒரு பெண்ணை மணந்திருந்தால், நூற்றுக்கு இரண்டு என்ற கணக்கின்படி, அது 800இல் ஒன்று. குடி வேறாக இருப்பது இந்த 64ஐ ஓர் எண்ணாலும் மாற்றாது.

இதைச் சொல்லிப் பயமுறுத்துவதும் நியாயமல்ல. எந்தத் தம்பதிக்கும் கடுமையான பிறவிக் குறையுள்ள பிள்ளை பிறக்க நூற்றுக்கு இரண்டு மூன்று என்ற அளவில் வாய்ப்பு உண்டு. நேரடி மச்சான்–மச்சாள் மணந்தால் அது ஏறத்தாழ இருமடங்காகிறது. அதாவது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் சுகமாகவே பிறக்கின்றன. "நாங்கள் கட்டினோம், எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் வரவில்லையே" என்ற பெரியவர்களின் வாதம் அதனால்தான் பெரும்பாலும் அவரவர் வீட்டில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அதே இரண்டு மூன்று குடும்பங்களுக்குள் மாற்றிமாற்றிக் கொடுத்து எடுத்தால், பகிரும் பங்கு எட்டில் ஒன்றையும் தாண்டி ஏறும் என்பதை மறக்கக்கூடாது.

தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரு தனித்தொடர்பைப் பரம்பரையலகும் வைத்திருக்கிறது. பெண்ணிடம் எக்ஸ் நிறமூர்த்தம் இரண்டு, ஆணிடம் எக்ஸ் ஒன்றும் வை ஒன்றும். எக்ஸில் ஒரு பழுது இருந்தால் பெண்ணுக்கு மறு எக்ஸ் துணை நிற்கும், ஆணுக்குத் துணையில்லை. ஆணுக்கு அந்த எக்ஸ் வருவதோ தாயிடமிருந்து மட்டும். ஆகவே நிறக்குருடும், குருதி உறையாமல் ஒழுகும் ஈமோபிலியாவும் பெரும்பாலும் ஆண்களிடம் தெரிகின்றன, தாய்மாமனிடம் கண்ட நோய் ஒரு பெண்ணின் வழியே மறைந்து வந்து அவள் மகனிடம் மீண்டும் எழுகிறது. ஜீ6பீடி என்ற நொதியக் குறைபாடும் இவ்வகையே. அது உள்ள குழந்தைக்கு, அலுமாரியில் பூச்சிக்காகப் போடும் நப்தலீன் உருண்டையின் வாடையேறிய உடுப்பை அணிவித்தாலே செங்குருதிக்கலங்கள் சிதைந்து மஞ்சள்காமாலை வரலாம். பேற்று விடுதியில் தாதியர் அந்த உருண்டையை வேண்டாம் என்று சொல்வது வெறும் சுத்தம் பற்றிய அறிவுரை அல்ல.

இதுவரை சொன்னவை ஒரே பரம்பரையலகு தனித்து நின்று செய்பவை. உயரம், தோல் நிறம், உடற்பருமன், நீரிழிவு ஆகியவை அப்படியல்ல. உயரத்தைப் பாதிக்கும் டி.என்.ஏ. மாற்றங்கள் ஏறத்தாழ 12,000 இருப்பதாக 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய ஓர் ஆய்வு 2022இல் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச்சிறிது, அவற்றோடு குழந்தைப்பருவ உணவும் நோய்களும் சேர்ந்தே இறுதி உயரம் அமைகிறது. நம் வீடுகளில் இரண்டாம் வகை நீரிழிவைப் பரம்பரை வியாதி என்று சொல்லி, அப்பாவுக்கு இருந்தால் எனக்கும் வரும் என்று கையை விரித்துவிடுகிறார்கள். பரம்பரை அங்கே தருவது சாய்வை மட்டுமே. தென்னாசியருக்கு ஐரோப்பியரைவிடக் குறைந்த உடல் எடையிலேயே நீரிழிவு தோன்றுகிறது என்பதால் இங்கே எச்சரிக்கை எல்லை உடற்றிணிவுச் சுட்டி 23 என்ற அளவிலேயே தொடங்குகிறது. மூன்று வேளையும் கோப்பை நிறையச் சோறும், வாசலிலிருந்து கடைவரைகூட மோட்டார் சைக்கிளும் என்ற வாழ்க்கை அந்தச் சாய்வை நோயாக்குகிறது. தலசீமியாவை நடைப்பயிற்சியால் தடுக்க முடியாது, நீரிழிவைப் பலரிடம் தள்ளிப்போடவாவது முடியும். இரண்டையும் பரம்பரை என்ற ஒரே பெயரால் அழைப்பதில் வரும் குழப்பம் பெரிது.

காவியா என்று அறிவதற்குச் சாதாரண முழுக் குருதிக்கல எண்ணிக்கைப் பரிசோதனையே முதற்படி. ஓர் அறிக்கையை எடுத்துக்கொள்வோம்: ஈமோகுளோபின் 11.2, செங்குருதிக்கலங்கள் 5.6, கலத்தின் சராசரிக் கனவளவு 64, ஒரு கலத்திலுள்ள ஈமோகுளோபின் 20. கனவளவு 80க்குக் குறைவாகவும் கலமொன்றின் ஈமோகுளோபின் 27க்குக் குறைவாகவும் இருந்தால் கலங்கள் சிறியவை, வெளிறியவை. இரும்புச்சத்துக் குறைவிலும் இப்படித்தான் இருக்கும், ஆனால் அங்கே கலங்களின் எண்ணிக்கையும் வழக்கமாகக் குறையும். இங்கே 5.6 என்று கூடுதலாக நிற்கிறது. 64ஐ 5.6ஆல் வகுத்தால் 11.4, இந்த ஈவு 13க்குக் கீழே வந்தால் தலசீமியாக் காவி என்ற ஐயம் வலுக்கிறது. இது ஐயம்தான், முடிவல்ல. ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் பரிசோதனையில் ஏ2 வகை 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீற்றாக் காவி என்று கொள்வர். இதை அறியாமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குபவர்கள் உண்டு. ஒருவர் காவி என்று தெரிந்தால் உடன்பிறந்தோரும், தாய் தகப்பன் இருபக்கத்துச் சொந்தங்களும் பார்த்துக்கொள்வது நல்லது.

சைப்பிரஸ் தீவில் 1970களில் தலசீமியா ஒரு தேசியச் சுமையாக இருந்தது. பரிசோதனையும் ஆலோசனையும் பரவலாகி, திருமணத்துக்கு முன் பரிசோதித்த சான்றிதழைத் திருச்சபையும் கேட்கத் தொடங்கிய பின், புதிதாகப் பிறக்கும் நோயாளிக் குழந்தைகள் மிக அருகிவிட்டனர். அங்கே காவிகள் பலர் மணந்துகொண்டே, கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருவைப் பரிசோதித்து முடிவெடுத்தனர். இலங்கைச் சட்டம் தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை என்பதால், இங்கே அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஆகவே நமக்குப் பயன்படும் காலம் கலியாணத்துக்கு முன்புதான், அதிலும் பேச்சு முற்றி நாள் வைத்த பின்னரல்ல, சாதகப் பொருத்தம் பார்ப்பதற்கும் முன்பு. அந்த நேரத்தில் ஒரு சொந்தத்தை விட்டுவிடுவது எவரையும் அவமதிப்பதாகாது. காவி ஒருவர் காவியல்லாத எவரையும் தயக்கமின்றி மணக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பரிசோதனை அறிக்கையே பெண்பிள்ளைகளுக்குப் புதியதொரு தோஷமாகிவிடும். பரிசோதனை வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். இரும்புச்சத்துக் கடுமையாகக் குறைந்திருக்கும் வேளையில் மட்டும் ஏ2 வகையின் அளவு தாழ்ந்து காட்டி உண்மையை மறைக்கக்கூடும் என்பதால், அப்படிப்பட்டவர்கள் இரும்புக் குறையைச் சரிசெய்துவிட்டு இன்னொருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும்.